மந்திரிக்கு ஆயுசு கெட்டி

"மந்திரி இன்னைக்கும் செத்துட்டாரு" என்று சொல்லிவிட்டு, ராஜமணி மலர்ந்த முகத்தோடு காப்பியை வாங்கிக்கொண்டார்.

அவர் மனைவி சந்தனமாரி பதறவில்லை. ஒரு வாரமாக அந்த வீட்டில் பொழுது விடிந்தால் மந்திரி சாகிறார். "இன்னைக்கு எப்படி?" என்றாள்.

"மேடையில பேசிக்கிட்டே விழுந்துட்டாரு. பாடையில வச்சுத் தூக்கிட்டுப் போறோம், அப்பவும் பேச்சை நிறுத்தல."

முந்தாநாள் கனவில் கடம்பூர் போளி தொண்டையில் சிக்கிச் செத்தார். நேற்று, கோடையில் பாளம் பாளமாக வெடித்த கரிசலில் ஒரு வெடிப்புக்குள் கதர்த்துண்டோடு காணாமல் போனார்.

மந்திரி மேல் ராஜமணிக்கு விரோதம் ஒன்றுமில்லை. கனவில் ஒருவர் செத்தால் நிஜத்தில் அவருக்கு ஆயுசு கூடும் என்பது கோவில்பட்டியில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். மந்திரிக்கோ ஆறு மாதமாக நெஞ்சுவலி. மேடைக்கு மேடை விஞ்ஞானம் பேசுகிறவர்தான். ஆனால் பூனை குறுக்கே போனால் காரைத் திருப்பச் சொல்லிவிடுவார்.

அவர் இன்று பயணியர் விடுதிக்கு வருகிறார். சட்டசபைத் தேர்தலுக்கு யாருக்குச் சீட்டு என்று சொல்லப்போகிறார். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியான ராஜமணிக்கு இரண்டு தேர்தலாக அந்தச் சீட்டு கைநழுவிப் போயிருந்தது. இந்த முறையும் போனால் கடைவீதியில் தலைகாட்ட முடியாது. இடைசெவல் வரைக்கும் சுவர்களுக்கு வெள்ளையடித்தாகிவிட்டது, பெயர் எழுதுவதுதான் பாக்கி.

"எலெக்‌ஷன் வருதுன்னதுல இருந்து ராத்திரி பூராவும் உலாத்திக்கிட்டு இருக்கீங்க. ஒரு பொட்டுத் தூக்கம் கிடையாது" என்றாள் சந்தனமாரி. "கனவு மட்டும் எங்க இருந்து வருது?"

"சும்மா கெட, ஏட்டி. ஒனக்கு அரசியல் தெரியாது."

பயணியர் விடுதியில் கண்ணுசாமி முன்னாலேயே வந்து நின்றார். சீட்டுக்குப் போட்டி அவர் ஒருவர்தான். வேட்டியெல்லாம் புழுதி, கண்கள் இரண்டும் சிவந்து கிடந்தன.

"ஊர் ஊராப் போயிட்டு வாரேன் அண்ணாச்சி. தூங்கி ஒரு மாசமாச்சு" என்றார் மந்திரியிடம்.

ராஜமணிக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. தூங்காத ஆளுக்குக் கனவு எங்கே வரப்போகிறது, பாவம். முன்னால் போய்க் கும்பிட்டு, ஒரு சாவு விடாமல் ஒப்பித்தார்.

மந்திரி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "விடியக்காலக் கனவா?"

"சேவல் கூவுத நேரம் அண்ணாச்சி."

"பாடை வரைக்கும் பாத்தீரா?"

"நான்தான் முன்பக்கம் தோள் குடுத்தேன்."

மந்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு வாரமா நெஞ்சுவலியே இல்ல வே. டாக்டரு தன்னோட மாத்திரைன்னு பெருமையடிச்சுக்கிட்டாரு. கடைசில பாத்தா நீருதானா?"

தன் கழுத்தில் கிடந்த ரோஜாமாலையைக் கழற்றி ராஜமணிக்குப் போட்டார். ராஜமணியின் கண்முன்னே இடைசெவல் வரைக்கும் வெள்ளைச் சுவர்களில் அவர் பெயர் பெரிது பெரிதாக எழும்பியது.

"இந்தக் கனவு ஒமக்கு அடிக்கடி வருமோ?"

"கண்ணை மூடுனாப் போதும் அண்ணாச்சி, நீங்க செத்துருதீங்க."

மந்திரி திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் காரியதரிசியைக் கூப்பிட்டார். "கண்ணுசாமி பேரை எழுதும்."

ராஜமணி மாலையைப் பிடித்தபடி, "அண்ணாச்சி, அப்ப நானு?" என்றார்.

மந்திரி பாசத்தோடு அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"எலெக்‌ஷன்ல நின்னாத் தூக்கம் கெட்டுப்போகும்வே. நீரு வீட்டுக்குப் போயிப் படும்."