பதினாலாவது வரிசையில் ஒரு பிழை

"தப்பே இல்லாத இடத்துல எதுக்குக்கா தப்பு இருக்குன்னு எழுதறே?"

தோட்டத்து மண் ஒட்டிய கையோடு முதுகுக்குப் பின்னால் வந்து நின்று தங்கை கேட்டாள். அக்கா சட்டென்று லேப்டாப்பை மூடப் பார்த்தாள். முடியவில்லை. அதன் ஓரத்தில் தலையை வைத்துத் துரை தூங்கிக்கொண்டிருந்தது.

துரை என்பது பூனை. குட்டியாக இருந்தபோது கதவிடுக்கில் மாட்டி, வால் நுனி கொக்கி மாதிரி மடங்கிப்போனது. மற்றபடி நடையிலும் மிடுக்கிலும் துரையேதான். பெயர் வைத்தவள் அக்காவின் மகள்.

"நல்லா எண்ணிப் பார்த்துட்டேன். பதினாலாவது வரிசையில ஒரு கண்ணி குறையுது" என்றாள் அக்கா, விரல் முட்டியைத் தேய்த்தபடி.

"நானும்தான் எண்ணினேன். நாப்பதுக்கு நாப்பது இருக்கு. யார்கிட்ட கதை விடறே?"

அக்காவின் பிழைப்பே அதுதான். ஸ்வெட்டர், குல்லாய் எப்படிப் பின்னுவது என்று வரிசை வரிசையாக எழுதிய பேட்டர்ன்களை விற்கும் கம்பெனி ஒன்று. டிசைனர் எழுதியதை வீட்டிலிருந்தே பின்னிப் பார்த்து, பிழை இருந்தால் எழுத வேண்டும். பின்னியதைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். கம்பெனிக்கு அவள் வெறும் 'சரிபார்ப்பவர் ஏழு'. டிசைனர் பெயர் மட்டும் பேட்டர்னின் தலையில் இருக்கும். பத்து வாரம் முன்னால் வந்த ஒன்றில் தன் மகளின் பெயரைப் பார்த்தபோது அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ராப்பகலாகப் பின்னி, மேலே ஏறி உட்கார்ந்த துரையைத் தள்ளிவிட்டு, அவசர அவசரமாகப் போட்டோ எடுத்து அனுப்பினாள். அதிலிருந்து வாரம் ஒன்று மகளுடையது வந்தது.

மகள் வீட்டை விட்டுப் போய் மூன்று வருஷம். "மாசச் சம்பளத்தை விட்டுட்டு ஊசியும் நூலுமா உட்காரப் போறியா? அப்படின்னா இந்த வாசப்படியை மிதிக்காதே!" என்று கத்தியவள் அக்காதான். மகள் மட்டும் லேசுப்பட்டவளா? நூலைப் போல சேலை. போன் நம்பரையே மாற்றிக்கொண்டு போய்விட்டாள். பிறகு அக்காவின் ஆபீஸை மூடிவிட, அவளும் அதே ஊசியையும் நூலையும் நம்ப வேண்டியதாயிற்று. யாரிடம் போய்ச் சொல்ல?

"பிழை இல்லன்னா 'சரி'ன்னு ஒரு டிக்கோட முடிஞ்சுது. இருந்தாத்தான்டி அவளுக்கு எழுதலாம். அவளும் பதில் போடுவா."

"என்ன பெரிய பதில்?"

அக்காவுக்கு மனப்பாடம். "'திருத்திவிட்டேன், நன்றி. விரல் வலித்தால் தடித்த ஊசியில் பின்னுங்கள். வேறு பிழை இருந்தாலும் தயங்காமல் எழுதுங்கள்.'"

"இது எல்லாருக்கும் எழுதறதுதான் அக்கா."

"இருந்துட்டுப் போகட்டும். எனக்கும் வருதில்ல?" அக்கா துரையின் முதுகைத் தடவினாள்.

தங்கைக்கு என்னவோ போலிருந்தது. "'நான் உன் அம்மாடி'ன்னு ஒரு வரி எழுதித் தொலையேன்."

"எந்த வாயால எழுதச் சொல்றே? நான்னு தெரிஞ்சா இதுவும் நின்னுடும்."

அக்கா எழுதியதை அனுப்பிவிட்டாள். தங்கை தோட்டத்துக்குப் போனாள். அவரைக்குத் தண்ணீர் விட்டு முடிப்பதற்குள் "அடியே!" என்று உள்ளிருந்து ஒரு அலறல். குழாயைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

கம்பெனியிலிருந்து மெயில் வந்திருந்தது. 'பதினோரு பேட்டர்னில் பதினோரு பிழை. இந்த டிசைனரை இந்த வாரத்தோடு நிறுத்திவிடலாம் என்றிருக்கிறோம். அவரிடமும் விளக்கம் கேட்டிருக்கிறோம். உங்கள் கருத்தை இன்றே தெரிவிக்கவும்.'

"ரெண்டு வார்த்தைக்கு ஆசைப்பட்டு, பெத்த பொண்ணு வயித்துல அடிச்சுட்டேனே!"

"விளையாட்டு வினையாப் போச்சு பார். இப்ப என்ன பண்ணப் போறே?"

"உள்ளதை எழுதப் போறேன்."

"உன் வேலை போயிடும். வாராவாரம் வர்ற அந்தப் பதிலும் போயிடும்."

"போனா போகட்டும். அவ தலை நிமிர்ந்து இருக்கட்டும்."

அக்கா எழுதினாள். 'டிசைனர் மேல் ஒரு குறையும் இல்லை. பதினோரு பிழையும் நானாகக் கட்டிவிட்டவை. நிறுத்த வேண்டியது என்னைத்தான்.' அனுப்பிவிட்டு, பின்னியும் பின்னாமலும் கிடந்த குல்லாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் பதில் வந்தது. அக்காவுக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. தங்கைதான் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படித்தாள்.

"'எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாம் உங்கள் பிழை என்கிறீர்கள் நீங்கள். எல்லாம் தன் பிழைதான், சரிபார்ப்பவரை மட்டும் மாற்றிவிடாதீர்கள் என்று கெஞ்சுகிறார் டிசைனர். முதலில் நீங்கள் இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். அவர் உங்களுக்கு எழுதியதைக் கீழே இணைத்திருக்கிறோம்.'"

"கீழே என்னடி போட்டிருக்கு?"

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகளின் குரலிலேயே படிப்பது போலப் படித்தாள்.

"'பதினாலாவது வரிசையைத் திருத்திவிட்டேன், நன்றி. வேறு பிழை இருந்தாலும் தயங்காமல் எழுதுங்கள். அப்புறம், இனிமே போட்டோ எடுக்கும்போது துரையை இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார வைம்மா. முதல் வாரத்துலேருந்தே அந்த மடங்கின வால் ஓரத்துல தெரியுது.'"