பாட்டுக்குப் பட்டா

"நூலாசிரியர் பேரு?"

"சாலம்மாள்னு எழுதுங்க பாய்."

முகம்மது கவுஸ் பேனாவை அப்படியே நிறுத்தினார்.

"என்னங்க ராஜப்பன், விளையாடறீங்களா? சந்தைக் கும்மிப் புஸ்தகத்தை எழுதினது நீங்க. அச்சடிச்சது நான். நடுவுல உங்க வூட்டம்மா எங்கிருந்து வந்தாங்க?"

"அவ பேருதான் போடணும்."

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்தான் கவுஸ் பாயின் பிரஸ். காரிமங்கலம் ராஜப்பனின் கும்மிப் பாட்டுப் புத்தகம் அங்கே அச்சாகி, சந்தைக்குச் சந்தை விற்றது. விற்கிற சரக்கென்றால் சும்மா விடுவார்களா? வெளியூர் அச்சுக்காரன் ஒருத்தன் கேட்பாரில்லாமல் அதையே அடித்து, ராஜப்பன் பேரையும் தூக்கிவிட்டு விற்க ஆரம்பித்தான்.

அதனால்தான் டெல்லிக்கு அனுப்ப இந்தக் காப்பிரைட் பாரம். பதிவு செய்துவிட்டால் எவனும் வாலாட்ட முடியாது.

ஆனால் பெண்டாட்டி பேரில் எதற்கு? பாய்க்குப் புரியாமல் இல்லை. நில உச்சவரம்புச் சட்டம் வந்த சமயம் அது. நிலம் அதிகமாக வைத்திருந்தவர்கள் எல்லாம் காட்டையும் தோட்டத்தையும் பெண்டாட்டி பேருக்கு அவசர அவசரமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். ராஜப்பனும் மாற்றினார். ஊருக்கே தெரிந்த சங்கதி.

பொங்கல் விழா நோட்டீஸ் அடிக்க வந்திருந்த கமிட்டித் தலைவர் மாயவனுக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏண்ணே, காட்டை அக்கா பேருக்கு மாத்தினீங்க, சரி. பாட்டுக்கும் சீலிங் சட்டம் வந்துடுச்சா?" என்று சிரித்தார். "நான் என்னடான்னா, 'கும்மிக் கவிஞர் ராஜப்பனுக்குப் பொன்னாடை'ன்னு நோட்டீசுல கொட்டை எழுத்துல போடச் சொல்லியிருக்கேன்!"

மாயவன் பாயிடம் திரும்பினார்.

"என்னா பாட்டுங்க பாய்! 'சந்தையில மச்சான் தின்னுபுட்டு வந்தான், சட்டியில என் களி கல்லாச்சு!' பொம்பளைங்க மனசுக்குள்ள எப்படித்தான் பூந்து எழுதினாரோ!"

பாய் பாரத்தைத் தட்டினார்.

"உங்க பேருன்னா இப்பவே தபால்ல சேர்த்துடறேன் ராஜப்பன். அந்தம்மா பேருன்னா முடியாது. பதிப்பாளர்னு கீழே நானும் கையெழுத்துப் போடணும். பொய்க்கு நான் துணை வரமாட்டேன்."

"பொய் இல்லீங்க பாய்."

"அப்ப அந்தம்மாவே வந்து கையெழுத்துப் போடட்டும்."

"வந்திருக்கா, வெளியில நிக்கறா. ஆனா..." ராஜப்பன் இழுத்தார். "கைநாட்டுதான்."

"புஸ்தகம் எழுதினவங்க கைநாட்டா!" மாயவன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "நல்லாக் கொடுப்பான் டெல்லிக்காரன் உங்களுக்கு ரைட்டு!"

ராஜப்பன் கூப்பிட்டதும் சாலம்மாள் பையோடு உள்ளே வந்தாள். மேசை மேல் மைப்பெட்டியைப் பார்த்தாள். யாரும் சொல்லாமலே கட்டைவிரலை நீட்டிவிட்டாள்.

"இது எந்தக் காட்டுக்குங்க? ஏரிக்கரைக் காட்டுக்கா, மேட்டுக்காட்டுக்கா? சீக்கிரம் ஆகட்டும், பஸ்ஸு போயிடும்."

சிரித்த சிரிப்பில் மாயவனுக்குப் புரையேறிவிட்டது.

"காட்டுக்கு இல்ல புள்ள, பாட்டுக்கு" என்றார் ராஜப்பன்.

"அட சாமி! பாட்டுக்குக்கூடவா பட்டா குடுக்கறாங்க?"

பாய் மட்டும் சிரிக்கவில்லை. "மனசறியச் சொல்லுங்கம்மா. இந்தப் புஸ்தகத்தை நீங்களா எழுதினீங்க?"

"நானா? எனக்கு ஆனா ஆவன்னாகூடத் தெரியாதுங்களே!"

"கேட்டீங்களா ராஜப்பன்?" பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "ஒண்ணும் அறியாத பொம்பளையைப் பினாமியாக்கறது நிலத்தோட போகட்டும். நாளைக்குக் கோர்ட்டு கேசுன்னா இந்தம்மாவா போய் கூண்டுல நிக்கறது? அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

பாரத்தை மடிக்கப் போனவரின் கையை ராஜப்பன் பிடித்துக்கொண்டார்.

"எழுதினியான்னு கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவா பாய். பாடினியான்னு கேளுங்க."

"பாட்டா? அது களை வெட்டறப்ப ஏதோ வாயில வர்றதுதானுங்க" என்று சாலம்மாள் வெட்கப்பட்டாள்.

"இப்ப ஒண்ணு பாடேன் புள்ள."

"இங்கயா? நல்லா இருக்குது போங்க!" என்றவள், பையைக் கீழே வைத்தாள். மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். கையைத் தட்டினாள்.

"பட்டா வாங்க வந்தோமடி பாட்டுக்குத்தான் - வந்த
பஸ்ஸைவிட்டு நின்னோமடி ரோட்டுலதான்!
கட்டைவிரல் நீட்டினேன் நான் காட்டுக்குன்னு - இந்தக்
கமிட்டிக்காரர் சிரிக்கிறாரு வேட்டுப்போல!"

மாயவனின் சிரிப்பு பட்டென்று நின்றுவிட்டது. உள்ளே எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்தவர்கூட எட்டிப் பார்த்தார்.

"பாய்... அதே மெட்டு, அதே குறும்பு!" என்றார் மாயவன் மெதுவாக.

"இவ பாடப் பாட நான் வரப்புல உக்காந்து எழுதிக்கிட்டது மட்டுந்தாங்க" என்றார் ராஜப்பன். "மொதல்ல நீங்க எம்பேரைப் போட்டு அடிச்சீங்க. கவிஞர்னு ஊரே கூப்பிட்டுது. எனக்கும் இனிச்சுது, வாயை மூடிக்கிட்டேன். இப்ப வெளியூர்க்காரன் எம்பேரை எடுத்துட்டான்னு அந்தக் குதி குதிச்சேனே, அப்பதான் உறைச்சுது, இவ பேரை எடுத்தது யாருன்னு."

"அதுக்கென்னங்க இப்ப, உங்க பேரு வேற எம்பேரு வேறயா?" என்றாள் சாலம்மாள்.

"நீ சும்மா இரு புள்ள. மாயவா, நோட்டீசுல என் பேரை எடுத்துட்டு இவ பேரைக் கோக்கச் சொல்லு. பொன்னாடையும் இவளுக்குத்தான்."

ராஜப்பன் பேனாவை எடுத்துப் பாயின் கையில் திணித்தார்.

"காட்டுக்கு வேணா இவ பினாமிங்க பாய். பாட்டுக்கு இத்தனை வருஷமா நான்தான் பினாமி!"