நாலாவது ஓட்டம்

"விவாகரத்துப் பத்திரத்துல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, உன் வாயால நான் சில விஷயம் கேட்டாகணும்."

நாற்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த கெரின் திரும்பினாள். க்ளைவின் மனைவி ஜனீன் நர்சரி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். அவள் கார் கதவை அறைந்து சாத்திய வேகத்தைப் பார்த்து, செடி வாங்க வந்த ஒருவர் கையிலிருந்த தொட்டியைக் கீழே வைத்துவிட்டு நழுவினார்.

கெரினும் க்ளைவும் வருஷக்கணக்காக ஒன்றாகப் பயிற்சி எடுத்து, நெடுந்தூர ஓட்டங்களில் ஓடியவர்கள். மிர்ட்டில்ஃபோர்ட் சின்ன ஊர். க்ளைவ் வீட்டை விட்டு வெளியேறி அண்ணன் வீட்டுக்குப் போனதும், ஊரே கெரினை நோக்கித்தான் விரல் நீட்டியது.

"கேளுங்க" என்றாள் கெரின், குழாயை நிறுத்தாமல்.

"ஞாயித்துக்கிழமை ஆனா எம் புருஷன் உன்கூடத்தான் கிடந்தான். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல. ஓடினோம்."

"நக்கலா?"

"நிஜம். அந்த ஓட்டம் ஓடிட்டு வந்தா வேற எதுக்கும் உடம்புல தெம்பு இருக்காது."

ஜனீன் உள்ளே வந்து, முழங்காலைப் பிடித்தபடி உர மூட்டைமேல் மெதுவாக உட்கார்ந்தாள். செருப்பை உதறினாள். கணுக்கால் வரை பாதம் வெளுத்திருந்தது. அதற்குமேல் வெயில் நன்றாகக் கருக்கியிருந்தது. ஒரு கட்டைவிரல் நகம் கறுத்துக் கிடந்தது. வீட்டு வேலை, தோட்ட வேலை எல்லாம் இப்போது ஒற்றை ஆளாகச் செய்கிறாள் போலும் என்று கெரின் நினைத்தாள். ஆனாலும் இரக்கம் வரவில்லை.

"சரி தாயே, ஓடினீங்க. எப்படி ஓடினீங்கன்னு சொல்லு. முதல்ல அந்தக் கடற்கரை ஓட்டம். மாசக்கணக்குல என் வீடு பூரா மணல். அங்க போய் என்னதான் பண்ணினீங்க?"

கெரினுக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொன்றாகக் கிளறி, எங்காவது ஒரு பொய்யில் மாட்டவைக்கப் பார்க்கிறாள். வக்கீல் சொல்லிக் கொடுத்திருப்பான். பொய் சொல்ல எதுவும் இல்லாதவளுக்கு என்ன பயம்?

"மணல்மேட்டுல ஏறி இறங்கினோம். மணல் காலை உள்ள இழுக்கும். கெண்டைச் சதைதான் முதல்ல கதறும், அதைப் பழக்கணும். அப்புறம் வயிறு. ஓடிக்கிட்டே உப்புப் போட்ட உருளைக்கிழங்கு தின்னு பழகினோம்."

"வாந்தி எடுத்தானா?"

"எடுக்காம? வாந்தி வந்தா நின்னுடக் கூடாது. நடக்கணும். மடக்கு மடக்கா குடிக்கணும்."

"மலை ஓட்டத்துக்கும் இதே மணல்தானா?"

"மணல்ல பழகின காலு மலைக்கு உதவாது. ஏத்தம் ஆளைக் கொல்லாது, இறக்கம்தான் கொல்லும். தொடை ரெண்டும் கழண்டு விழற மாதிரி இருக்கும். அதுக்குத்தான் கால்பந்து மைதானத்துப் படிக்கட்டுல முதுகுல பாரத்தோட இறங்கினோம். ஏறும்போது யாரும் ஓடறதில்ல, நடந்துதான் ஏறணும்."

"பாலைவன ஓட்டத்துக்கு நடு மத்தியானத்துல கம்பளிச் சட்டை மாட்டிக்கிட்டுப் போவான். பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு நினைச்சேன்."

"காலுக்குப் பயிற்சி இல்ல அது, தோலுக்கு. உடம்பு சீக்கிரமா வேர்க்கப் பழகணும். வேர்க்கலைன்னா மூளை வெந்துடும்."

"சட்டையைக் கழட்டினது யாரு, நீயா?"

கெரின் குழாயைக் கீழே எறிந்தாள். "வாயை அடக்கிப் பேசுங்க ஜனீன். இது என் கடை. வெளிய போங்க!"

"போறேன். ஓடும்போது என்னைப் பத்தி என்ன பேசுவான்? அதைச் சொல்லு, போறேன்."

"சொல்லவா? 'தபால்பெட்டி வரைக்கும் போயிட்டு வந்தாலே எம் பொண்டாட்டிக்கு மூச்சு வாங்கும்'னு சொல்வார். போதுமா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஜனீன் பக்கத்துத் தட்டிலிருந்த தக்காளி நாற்றின் இலையைக் கிள்ளி, விரல்களுக்கு நடுவே நசுக்கினாள்.

"நீ சிரிச்சியா?"

"...முதல் தடவை சிரிச்சேன்."

"அப்பாடா, ஒரு உண்மை வந்துச்சு." குரலில் ஈரமே இல்லை. "மே மாசம் நூத்தி அறுபது கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பேர் குடுத்திருக்கானாமே, அதுக்கு என்ன தயாரிப்பு?"

"ஒரு தயாரிப்பும் இல்ல. அதனாலதான் நான் அவர்கூட ஓடறதையே விட்டுட்டேன். 'மூணு ஓட்டம் பார்த்த காலு, அதுக்கே வழி தெரியும்'னு சொல்லிக்கிட்டு அண்ணன் வீட்டுல பீரும் கையுமா உக்காந்திருக்கார். இதுல மலை, வெயில், ராத்திரி எல்லாம் சேர்ந்து வரும். தூங்காம ஓடிப் பழகலைன்னா பாதியிலயே படுத்துடுவார்."

"நிச்சயமா?"

"எழுதி வச்சுக்குங்க."

ஜனீன் முதல்முறையாகச் சிரித்தாள். அது நல்ல சிரிப்பாக இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு காரை நோக்கி நடந்தாள்.

கெரினுக்குத் தாங்கவில்லை. ஈரக் கையோடு பின்னாலேயே ஓடினாள். நாளைக்கு பேக்கரியிலும் பள்ளிக்கூட வாசலிலும் தன் பேர் எப்படி நாறப்போகிறதோ!

"நில்லுங்க! கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டேன். இதையெல்லாம் யாருகிட்ட போய்ச் சொல்லப்போறீங்க? வக்கீல்கிட்டயா?"

ஜனீன் கார் கதவைத் திறந்தாள்.

"என் காலுகிட்ட. மே மாசம் நானும் ஓடறேன்."