அவன் வீட்டுப் பாஷை

நான் பொய் சொல்கிறேன், நீ பொய் சொல்கிறாய், அவன் பொய் சொல்கிறான். பிழைக்க வந்த இந்த வேல்ஸ் நாட்டின் வெல்ஷ் மொழியில் இவ்வளவுதான் படித்தேன். என் மகன்மேல் லாரி ஏற்றிக் கொன்றவன், பையனே குறுக்கே விழுந்தான் என்று கோர்ட்டில் அந்த மொழியில்தான் சொல்லித் தப்பித்தான்.

“இங்கிலீஷ்லயே திட்டுங்க மாமா, அவனுக்குப் புரியும்” என்றாள் மருமகள் அஞ்சுகம்.

“அவனுக்குப் புரிஞ்சு என்னம்மா ஆவப்போவுது? அவன் ஆத்தாளுக்கு அவ பாஷையில சொல்லணும்.”

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தவன் என்னைக் கண்டதும் சாத்தப் பார்த்தான். காலை நுழைத்தேன். உள்ளே அவன் தாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்து, “அவன் பொய் சொல்கிறான்” என்றேன், அவர்கள் மொழியில்.

கிழவி கரண்டியை வைத்துவிட்டு மகனிடம் ஏதோ கேட்டாள். எனக்குப் புரியவில்லை. மறுபடியும் கேட்டாள். அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.