மஞ்சளும் சீனியும்

கேள்வி இருந்தால் கேட்கலாம், இல்லாவிட்டால் வெளியே சாப்பாட்டுக்கு வைத்திருக்கும் மீஹூன் சேமியா ஆறிவிடும் என்றார் இயக்குநர்.

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த சரத் தன் காலணியைப் பார்த்தான்.

கேள்வி அவனிடம்தான் இருந்தது. அது அவனிடம் இருப்பது வேறு யாருக்கும் தெரியாது என்பதுதான் வம்பு.

சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் இருந்த அந்த அரசாங்கச் சுகாதார ஆராய்ச்சி நிலையத்தில் சரத்தைப் போல ஏழெட்டுப் பேர். நீரிழிவு ஆராய்ச்சிக்காக வீடு வீடாகப் போய், விரலில் குத்தி ரத்தம் எடுப்பவர்கள். எல்லோரும் ஒப்பந்த ஊழியர்கள். ஊரார் விரலில் தைரியமாகக் குத்துவார்கள். மேலாளர் இருமினால் எழுந்து நிற்பார்கள்.

போன வாரம் அவர்களில் ஒருத்தியான பிரசாந்தியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவள் பிள்ளை பெற்று விடுப்பில் இருக்கிறாள். காரணம் கேட்டதற்கு மறுசீரமைப்பு என்றார்கள். அவளுடைய நாற்காலியையும் யாரோ மறுசீரமைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இயக்குநர் எல்லோர் முன்னாலும் வந்து நிற்பது ஆண்டுக்கு ஒருமுறைதான். அங்கே ஒருவர் எழுந்து கேட்டுவிட்டால் மழுப்ப முடியாது. ஆனால் எழுந்தவரின் முகம் மறக்காது. அடுத்த மறுசீரமைப்பு அவருக்குத்தான். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று சிராங்கூன் சாலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, தேநீர் ஆறி ஆடை கட்டும்வரை பேசினார்கள்.

மூத்த தாதி குணமணி அக்காதான் வழி சொன்னாள். மருந்துச் சோதனையில் யாருக்கு நிஜ மருந்து, யாருக்குச் சீனி மாத்திரை என்பது எவருக்கும் தெரியாது. அதே முறைதான். காலி மாத்திரைக் கூடுகளில் ஐந்தில் சீனியும் ஒன்றில் மஞ்சள்தூளும் அடைத்துக்கொண்டு வருவாள். ஆளுக்கொன்று எடுத்துத் தனியே உடைத்துப் பார்க்க வேண்டும். மஞ்சள் வந்தவர் எழுந்து கேட்க வேண்டும். யாரும் யாரிடமும் மூச்சுவிடக் கூடாது. அடைப்பவள் என்பதால் அவளுக்கு மாத்திரை கிடையாது.

ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தொடை நடுங்கினாலும் முறைப்படி நடுங்க வேண்டும். ஆறு பேரும் ஒப்புக்கொண்டார்கள்.

சரத் தன் மாத்திரையைக் கடையின் கழிவறையிலேயே உடைத்தான். மஞ்சள்.

குழாயைத் திறந்துவிட்டுக் கையைக் கழுவினான். வெளியே வந்து, தப்பித்தவன் போல ஒரு வடை வாங்கிச் சாப்பிட்டான்.

யாருக்கும் தெரியக் கூடாது என்பதுதானே விதி. அந்த விதி அவனுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அடுத்த மாதம் பொங்கோலில் புதுவீட்டுச் சாவி கைக்கு வருகிறது. வேலை போனால் அந்தச் சாவியை வைத்துக் காது குடையலாம்.

பின்னால் நாற்காலிகள் கிறீச்சிட்டன. மீஹூனுக்கு அவசரம் என்று நினைத்தான். இயக்குநரின் புன்னகை லேசாக வாடியது. அவருக்கும் பசிதான் போலிருக்கிறது.

அவ்வளவுதான், முடிந்தது. சரத் மூச்சுவிட்டான்.

அந்த மூச்சோடு பிரசாந்தியின் நினைவும் வந்து தொலைத்தது. அவன் டெங்கியில் கிடந்தபோது, வயிற்றில் பிள்ளையோடு, அவனுக்கு ஒதுக்கிய அடுக்குமாடி புளோக்குகளுக்கும் சேர்த்து அவள்தான் அலைந்தாள். ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் இப்போது உட்கார்ந்திருப்பது சுலபமாக இருந்திருக்கும். தன்னை நினைக்க அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

எழுந்துவிட்டான். வீரமெல்லாம் இல்லை. கால் எழுந்தது, மற்றதெல்லாம் வேறு வழியில்லாமல் அதனுடன் போயிற்று.

மைக் வைத்திருந்த பெண் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தாள். கைக்கெட்டும் தூரத்தில் நின்ற அவனிடம் அதைத் திணித்தாள்.

பிரசவ விடுப்பில் இருக்கும் பிரசாந்தியின் ஒப்பந்தத்தை ஏன் புதுப்பிக்கவில்லை என்று ஒரே மூச்சில் கேட்டான். குரல் எலிக்குஞ்சு மாதிரிதான் வந்தது. மைக் புண்ணியத்தில் மண்டபம் முழுக்கக் கேட்டது.

இயக்குநர் அவனைப் பார்க்கவில்லை. அவனைத் தாண்டி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

சரத் திரும்பினான்.

வைஷாலி நின்றுகொண்டிருந்தாள். முகம்மது யூசுப் நின்றுகொண்டிருந்தார். மாத்திரை எடுத்த மற்ற மூவரும் நின்றுகொண்டிருந்தார்கள். கையை அரைகுறையாகத் தூக்கியபடி, மைக் தங்களிடம் வரட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்தார்கள். சிங்கப்பூரில் புரட்சி வந்தாலும் வரிசையில்தான் வரும். மஞ்சள் எனக்கல்லவா வந்தது, நீ எதற்கு நிற்கிறாய் என்று ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டும் இருந்தார்கள்.

ஒரு முகம் என்றால் நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆறு முகத்தை என்ன செய்வது? இயக்குநர் தண்ணீர் குடித்தார். திங்கட்கிழமை பிரசாந்தியைத் தானே கூப்பிட்டுப் பேசுவதாகவும், ஒப்பந்தத்தை நீட்டிக்க ஏற்பாடு செய்வதாகவும் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

குணமணி அக்கா மண்டபத்துக்கு வெளியே மீஹூனுக்குக் காவல் நின்று, எல்லாவற்றையும் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறு பேரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆறிலுமா மஞ்சள் அடைத்தீர்கள் என்று கேட்டார் யூசுப். அக்கா கரண்டியைக் கீழே வைக்காமலேயே பதில் சொன்னாள்.

“நடுவுல எத்தனை பேரு ஓடிருவாங்கன்னு கணக்குப் பண்ணித்தானே ஸ்டடிக்கு ஆளு எடுக்குறோம்? உங்களுக்கும் அதே கணக்குதான் லா. அஞ்சு பேரு ஓடினாலும் சரத் எந்திரிப்பான்னு எனக்குத் தெரியும். பாத்தீங்கள்ல, அவன் குரல்தான் மொதல்ல கேட்டுச்சு.”

சரத் ஒரு தட்டை எடுத்து அதன் விளிம்பைத் துடைத்தான்.

வைஷாலி அவனுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தவள். கேள்வி உண்டா என்று இயக்குநர் கேட்டதுமே எழுந்தவள். அவன் குனிந்து காலணியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அவனுடைய பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றவள்.

ஆமாம் அக்கா, சரத்தான் முதலில் என்றாள்.

பிறகு அவன் தட்டில், கேட்காமலேயே, ஒரு கரண்டி நிறைய மிளகாய்ச் சம்பால் வைத்தாள். அவனுக்குக் காரம் ஆகாது என்பது அவளுக்குத் தெரியும்.

சரத் ஒரு துளி மிச்சமில்லாமல் சாப்பிட்டான்.