காருக்கு இடமில்லை

"சாவியைக் கொண்டாம்மா, காரை வெளியில விட்டுடலாம்."

மருமகளுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "மாமா, புயல் வருதுன்னு ஊரே வண்டியை உள்ள கொண்டு போய் விடுது. நீங்க உள்ள இருக்கறதை வெளியில விடணும்னு சொல்றீங்க?"

"கேள்வி கேக்கற நேரமா இது? சாவியைக் கொண்டா."

தினமும் காலையில் பழைய பனியனால் அந்தக் காரைத் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிற மனிதர். புறா எச்சம் பட்டுவிட்டால் போதும், அன்று முழுக்கப் புறா வம்சத்துக்கே அர்ச்சனை நடக்கும். அப்படிப்பட்டவர் காரைக் கொட்டுகிற மழையில் தெருவோரம் நிறுத்திவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் குடோனுக்குள் நுழைந்தார்.

'மாமியார் இல்லாத வீடு, நீ கொடுத்து வெச்சவடி' என்று சிநேகிதிகள் சொல்லித்தான் அனுப்பினார்கள். மாமனார் ஒருவரே இரண்டு பேருக்குச் சமம் என்பது வந்து மூன்று மாதத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. அதோடு மகா கஞ்சர். எச்சில் கையால் காக்கை ஓட்ட மாட்டார்.

காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஜன்னல்களுக்குப் பலகை அடித்தார். காலியாக இருந்தால் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும் என்று மாடித் தொட்டியை நிரப்பச் சொன்னார். ஆட்டுக் கொட்டகைத் தகரத்தின் மேல் மணல் மூட்டைகளை ஏற்றி, குறுக்கே கயிறு போட்டு இறுக்கினார். மதியம் ரேடியோவில், புயல் திசை மாறி இந்தப் பக்கமே வருகிறது என்று சொன்ன பிறகுதான் மனிதர் மாறிப்போனார்.

குடோனிலிருந்து உர மூட்டைகள் வெளியே வந்து விழுந்தன. பின்னாலேயே பழைய கட்டில், ஏணி, விறகு. அவள் பதறிப்போனாள்.

"ஐயோ, உரம் எல்லாம் கரைஞ்சு போயிடும் மாமா!"

"போகட்டும்மா. அந்த முனையைப் பிடி."

இருவரும் சேர்ந்து தார்ப்பாயை விரித்தார்கள். அதை மூட்டைகளின் மேல் போர்த்துவார் என்று பார்த்தால், குடோன் தரையில் விரிக்கச் சொன்னார். மூட்டைகள் நனைந்துகொண்டு கிடந்தன. அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று அவள் பயந்தாள். இந்த மனிதரோடு தனியாக ஒரு புயலைச் சமாளிக்க வேண்டுமா?

"மாமா, தெருவே புயல் கட்டடத்துக்குப் போயாச்சு. அம்மா அங்க தனியா இருக்காங்க. முட்டி வலியில எழுந்து நிக்கக்கூட முடியாது. நாமளும் போயிடலாம், வாங்க."

"உங்கம்மாவைப் போக வேணாம்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாங்களா?"

உண்மைதான். மகளைப் பார்க்க வந்த இடத்தில் புயலில் மாட்டிக்கொண்ட அம்மா, மாப்பிள்ளை ஓட்டிய டிராக்டரில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துவிட்டாள். "புயலுக்குன்னே கட்டின கட்டடம் இருக்கும்போது இங்க எதுக்கு சம்பந்தி?" என்று அவள் கேட்டதும், மாமனார் வாயை மூடிக்கொண்டார். கூடவே கிளம்பிய மருமகளை மட்டும், "நீ இரும்மா, வேலை கிடக்கு" என்று நிறுத்திவிட்டார்.

காற்று ஊளையிட ஆரம்பித்தது. எதிர்வீட்டு முருங்கை முறிந்து விழுந்த சத்தத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"வீட்டைப் பூட்டிட்டுப் போனா யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு பயமா மாமா? உயிரை விடவா இந்தச் சாமான் பெருசு?"

அவர் காலியான கார் ஷெட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

டிராக்டர் வாசலில் வந்து நின்றது. அவள் கணவன் தொப்பலாக நனைந்திருந்தான்.

"ஏறுங்க ரெண்டு பேரும். இதுதான் கடைசி நடை. அங்க எள்ளு போட்டா எள்ளு விழாது, அவ்வளவு கூட்டம்."

தயாராக வைத்திருந்த பையைத் தூக்கிக்கொண்டு அவள் ஓடினாள். அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் போதும் என்றிருந்தது. ஏறுவதற்குக் காலை வைத்தபோது, மாமனார் டிராக்டருக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்.

"அவளை ஏத்தாதே. நீ திரும்பிப் போய் அங்க இருக்கறவங்களை இங்க கூட்டிட்டு வா. குழந்தைங்களை முதல்ல ஏத்து, அப்புறம் சம்பந்தியம்மா மாதிரி முடியாதவங்க. வீடு, குடோன், ஷெட்டு எல்லாத்தையும் காலி பண்ணி வெச்சிருக்கேன். நெருக்கி உட்கார்ந்தா அத்தனை பேரும் இருக்கலாம்."

"உங்களுக்கு என்னப்பா ஆச்சு? அவ்வளவு பெரிய கட்டடத்தை விட்டுட்டு இங்க வந்து அடைச்சுக்கணுமா?"

"காத்து வலுக்கறதுக்குள்ள போடா. உன் கால்ல வேணாலும் விழறேன்."

மகன் தலையில் அடித்துக்கொண்டான். "அப்பா, அது நீங்க கான்ட்ராக்ட் எடுத்து, நின்னு கட்டின கட்டடம். நீங்களே அங்க வரலைன்னா ஊர் சிரிக்காதா?"

மருமகள் திகைத்துப்போய் மாமனாரைப் பார்த்தாள். இந்த மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட அவர் அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை.

"நான் கட்டினதாலதான்டா சொல்றேன்," என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு. "அதுக்குள்ள போயிருக்க வேண்டிய கம்பியும் சிமெண்டும்தான் இந்த வீடா நிக்குது."