குருவி தின்ற திராட்சை

அந்த ஆள் வரும்போது கணவன் வீட்டில் இருக்கக் கூடாது. காலையிலிருந்து மாயிலிஸுக்கு அது ஒன்றுதான் கவலை.

ஆனால் கிராசியான் நகர்கிற வழியாக இல்லை. தொப்பியைத் தேடுவதும், கண்ணாடி முன் நின்று மீசையை முறுக்குவதுமாகப் பொழுதை ஓட்டிக்கொண்டிருந்தான்.

"லாம்பே சந்தைக்குப் போறியா இல்லையா? கோழித் தீவனம் சுத்தமா தீர்ந்துபோச்சு."

"என்ன இன்னிக்கு இந்த விரட்டு விரட்டுறே? உதட்டுச் சாயம் வேற!"

"ஏன், நான் பூசக் கூடாதா?"

"தாராளமா பூசு. கோழிங்க பார்த்து சந்தோஷப்படட்டும்" என்று சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினான். அந்தக் கள்ளமில்லாத சிரிப்பு அவளைக் குத்தியது. இப்படிப்பட்டவனை ஏமாற்றுகிறோமே என்று நினைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் வந்தார். முசியே கஸ்தே. தூலூஸில் ஒயின் கடை வைத்திருப்பவர். மாயிலிஸ் அவரை அடுப்படி மேசையில் உட்காரவைத்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் ஒளித்துவைத்திருந்த பாட்டிலை எடுத்தாள். அதில் பெயர்கூட ஒட்டியிருக்கவில்லை.

கிராசியான் குடும்பத்தில் காலங்காலமாக இனிப்பு ஒயின்தான். திராட்சையைக் கொடியிலேயே விட்டுச் சுருங்கவைத்து, டிசம்பர் குளிரில்தான் வெட்டுவார்கள். இப்போது அதை வாங்க ஆளில்லை. நிலவறையில் பழைய பாட்டில்கள் தூசி படிந்து கிடந்தன. இப்படியே போனால் மேட்டுத் தோட்டத்தை விற்க வேண்டியதுதான்.

"செப்டம்பர்லயே வெட்டி, இனிப்பில்லாத ஒயின் போடலாம். அதைத்தான் இப்ப எல்லாரும் கேக்குறாங்க" என்று போன வருஷம் கெஞ்சிப் பார்த்தாள். அவனோ காபிக்கடையில் ஊர் முன்னால் சவால் விட்டுவிட்டு வந்தான். "என் கையால செப்டம்பர்ல ஒரு கொத்து வெட்டினா, இந்த மீசையை எடுத்துடறேன்!"

செப்டம்பர் வந்தது. அவன் இடுப்புப் பிடித்துக்கொண்டு படுக்கையில் விழுந்தான். இதை விட்டால் வேறு சமயம் வாய்க்காது என்று மாயிலிஸ் துணிந்துவிட்டாள். கதவோரம் தொங்கிய கத்தரிகளை எடுத்தாள். டிசம்பரில்தான் சாணை பிடிப்பது வழக்கம்; இப்போதே எல்லாம் தீட்டிப் பளபளவென்று இருந்தன. அண்ணன் ஒக்தாவைத் துணைக்கு அழைத்து மேட்டு வரிசைகளை வெட்டினாள். பக்கத்து ஊரில் அவனுடைய தொட்டியிலேயே ஒயினும் போட்டாயிற்று.

புருஷனிடம், குருவிக் கூட்டம் இறங்கி மேட்டில் இருந்ததையெல்லாம் தின்றுவிட்டது என்றாள்.

"நான் வலை கட்டியிருக்கணும். என் தப்புதான்" என்றான் அவன். குளிர்காலம் முழுக்க அடுப்பருகே உட்கார்ந்து கிழிந்த வலைகளைத் தைத்தான். அவன் ஊசியை எடுக்கும்போதெல்லாம் அவள் எழுந்து கோழிகளைப் பார்க்கப் போய்விடுவாள்.

கஸ்தே ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய் குடித்தார்.

"பம்பளிமாஸ் வாசனை. கடைசியில லேசா ஒரு கசப்பு. ஆத்து மீனுக்கு இதைவிட என்ன வேணும்? உங்க பக்கத்து பாஷெரான் ஒயின்னாலே இனிப்புன்னுதான் எங்க ஊர்ல நினைக்கிறாங்க. இப்படி ஒண்ணு இருக்கிறதே யாருக்கும் தெரியாது. இருக்கிறதை எல்லாம் நான் எடுத்துக்கறேன். யார் தோட்டம்மா இது?"

மாயிலிஸ் மேசையைத் துடைத்தாள். "எங்க அண்ணனோடது."

"அப்ப லேபிள்ல அவர் பேரைப் போட்டுடலாம்."

"எனக்கும் ஒரு கிளாஸ் கிடைக்குமா?"

வாசலில் கிராசியான் நின்றான். கையில் தீவன மூட்டை இல்லை. அவன் சந்தைக்கே போகவில்லை.

அவனே ஊற்றிக்கொண்டான். மோந்து பார்த்தான், நாக்கில் புரட்டினான், விழுங்கினான். "ஒக்தாவோட மண்ணுல இந்த ருசி வராதே" என்றான் மெதுவாக.

மாயிலிஸால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"குருவி தின்னலை. நான்தான் வெட்டினேன். உனக்குத் துரோகம் பண்ணிட்டேன், கிராசியான்." உதட்டுச் சாயம் கலைய அழுதாள். கஸ்தே தர்மசங்கடத்தோடு கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றான் கிராசியான். "குருவி தின்னா பழம்தான் போகும், காம்பு கொடியில நிக்கும். இது கொத்தோட போயிருந்துச்சு."

"தெரிஞ்சுமா குளிர்காலம் பூரா வலை தைச்சே?"

"ஊருக்குக் காட்ட வேண்டாமா? மீசை என்ன ஆகிறது?"

அவளுக்கு எரிச்சலும் வெட்கமும் ஒன்றாக வந்தன. ஆனாலும் மனசு ஆறவில்லை. "என்ன இருந்தாலும் நீ வலியில துடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தே. அந்த நேரம் பார்த்து நான் அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது. என் மனசே என்னைக் கொல்லுது."

கிராசியான் கதவோரம் தொங்கிய கத்தரிகளைப் பார்த்தான். பிறகு திருடனைப் போலத் தலையைக் குனிந்துகொண்டான். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

"அன்னிக்கு எனக்கு இடுப்பு வலிக்கவே இல்லை."